தண்ணிக்கு வழி விடுங்க

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை. இது பொதுப் பாதை. ஒரு கல்லை அசைக்கறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் அசைக்கணும்!"

பெரியவர் தன் தம்பியைப் பார்த்துத்தான் கத்தினார். சொன்னது என்னவோ தம்பி மனைவிக்கு. பத்தடி தள்ளிக் கடப்பாரையும் கையுமாக நின்ற அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. சொத்துப் பிரித்த நாளிலிருந்து பெரியவருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டை மட்டும் ஒரு குறைவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க," என்றாள் அவளும் கணவனைப் பார்த்து. "போன மழைக்கு முன்னாடி உங்களை விட்டுக் கேட்டேன். பதிலுக்கு ஒரு லோடு ஜல்லி கொண்டாந்து கொட்டினாரு. அதுக்கு முந்தின மழைக்கும் கேட்டேன். அப்பவும் ஜல்லிதான். இனிமே கேக்கறதா இல்ல."

நடுவில் மண்வெட்டியோடு நின்ற தம்பியின் பாடு, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கேட்டிலிருந்து உள்ளே வரும் அந்த ஜல்லிப் பாதைக்கு இந்தப் பக்கம் தம்பி வீடு, அந்தப் பக்கம் அண்ணன் வீடு. தெரு மேடு, பாதை பள்ளம். மழை பிடித்துக்கொண்டால் தெருத் தண்ணீர் அத்தனையும் கேட்டைத் தாண்டி வந்து தேங்கும். தேங்கியது வாசல் ஏறும். வாசல் ஏறியது கூடத்துக்குள் போகும். போன மழையில் கூடத்தில் கணுக்காலளவு தண்ணீர், அதற்கு மேல் சேறு. அள்ளிக் கொட்டி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெரியவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஜல்லி. பள்ளம் கண்டால் கொட்டு, சேறு கண்டால் கொட்டு. கொட்டிக் கொட்டிப் பாதை உயர்ந்ததுதான் மிச்சம்.

"ஜல்லி எங்கயாவது தண்ணியைக் குடிக்குமா?" என்று கணவனிடம் கேட்டாள். "தண்ணிக்கு வேண்டியது வழி. ஓரமா வாய்க்கால் எடுத்து, கொஞ்சம் வாட்டம் குடுத்தா அது பாட்டுக்குப் போயிடும். இது தெரிய பெரிய படிப்பா வேணும்?"

"வாய்க்கால் வெட்ட இதென்ன வயக்காடா?" என்றார் பெரியவர். "இவளுக்கு வெடின்னு சும்மாவா பேர் வச்சாங்க!"

"வெடிதான். பத்த வச்சது யாருன்னு கேளுங்க."

கடப்பாரை இறங்கியது. ஜல்லி நாலா பக்கமும் தெறித்தது.

"வேணாம்டி," என்று கணவன் கிட்டே வந்து கிசுகிசுத்தான். "அண்ணன் ஊரைக் கூட்டிடுவாரு. நமக்கு எதுக்கு வம்பு?"

"கூட்டட்டும். நாலு பேர் வந்தா நாலு மண்வெட்டி எடுத்துக் குடுங்க, வேலை சீக்கிரம் முடியும். இந்த மழையிலயும் கூடத்துல தண்ணி ஏறினா மனுஷி எங்க படுக்கறதாம்? உத்தரத்துலயா?"

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவள் வெட்டிக்கொண்டு போன கோட்டின் மேல் குறுக்கே நின்றார்.

"வெட்டறதுன்னா முதல்ல என்னை வெட்டிட்டு வெட்டச் சொல்லு!"

"கால் கட்டைவிரலுக்கு நான் பொறுப்பில்லன்னு சொல்லிடுங்க."

அவளுக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு மூத்தவரை இப்படி எதிர்த்து நின்று பழக்கமில்லை. ஆனால் ஆத்திரம் பயத்தைத் தின்றுவிட்டது. அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கடப்பாரை நச்சென்று இறங்கியது. பெரியவர் துள்ளி ஒதுங்கினார். பயந்து ஒதுங்கவில்லை என்று காட்டுவதற்காக அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வானம் கறுத்துக் கிடந்தது.

அவள் நிமிரவே இல்லை. கையில் கொப்புளம் கட்டி உடைந்தது. புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தாள். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் கணவனும் மண்ணை அள்ளத் தொடங்கினான்.

"நீயுமாடா?" என்றார் பெரியவர்.

தம்பி இன்னொரு மண்வெட்டி மண்ணை அள்ளி ஓரமாகப் போட்டான். அவன் வாழ்க்கையில் அண்ணன் குரல் கேட்டும் கையை நிறுத்தாதது அதுதான் முதல் தடவை.

வாய்க்கால் பாதையோரச் சுவர்வரை வந்து முட்டியபோது மழை கொட்டத் தொடங்கியது. தெருத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. வாய்க்கால் நிரம்பியது, ததும்பியது, பாதைமேல் ஏறத் தொடங்கியது. அவள் கடப்பாரையைச் சுவரின் அடிக்குத் திருப்பினாள்.

"ஐயையோ, சுவர் வேணாம்டி! சுவர்ல கை வைக்காதே!" என்று கணவன் அலறினான்.

"தண்ணிக்கு வழி விடுங்க!"

ஓங்கிப் போட்டாள். செங்கல் அசைந்தது. இன்னொரு போடு. ஒரு கை அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து விழ, தண்ணீர் அந்தப் பக்கமாகத் திரும்பி ஓவென்று இரைந்துகொண்டு ஓடியது.

பெரியவருக்குப் பேசாத விரதமெல்லாம் மறந்துபோயிற்று.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? என்ன காரியம் பண்ணிட்டே!" என்று அவள் முகத்தையே பார்த்துக் கேட்டார்.

அவள் முகத்தில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்தாள்.

"பைத்தியம்தான் மாமா. நீங்க என்கூடப் பேசுங்க, பேசாமப் போங்க. உங்க கூடத்துல அக்கா இடுப்பொடிஞ்சு பாயில கெடக்காங்க. உங்க வீம்புக்கு அவங்க ஏன் நனையணும்?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். தன் வாசல்படியை நோக்கி ஏறி வந்த தண்ணீர் பாதி வழியில் வடிந்துபோயிருந்தது. எந்த மழையிலும் ஒரு சொட்டு எட்டிப் பார்க்காத தம்பி வீட்டுத் தோட்டத்துக்குள், அவள் தன் கையாலேயே உடைத்த அவள் வீட்டுச் சுவர் வழியாக, தெருத் தண்ணீர் அத்தனையும் போய்க்கொண்டிருந்தது.