ஏழு மணிச் சத்தம்

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். ஒண்ணு அந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

பல் செட்டுக்காரர் இப்படிச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தபோது மணி ஏழு பத்து. இதிலும் இனி வருவதிலும் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இதைச் சொல்லும் வாயில் உள்ள முப்பத்திரண்டு பற்கள் மீதும் சத்தியம். முப்பத்திரண்டையும் செய்து கொடுத்தவர் அவரேதான்.

வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதே வீடு, அதே மேசை. அவருக்கும் எதிர்வீட்டுக்கும் பொதுவாக ஒரு நீள நடை. எதிர்வீட்டில் இருப்பவர் நூலகக் குமாஸ்தா. நாள் முழுக்க 'உஷ்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத உத்தியோகம். அந்த மனிதர் மூன்று மாதத்துக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நடையில் நிறுத்தினார். அன்று முதல் கட்டடத்தில் அவர் பெயர் 'ரேஸ்'.

அந்த வாரம்தான் பல் செட்டுக்காரரின் காதில் சத்தம் விழ ஆரம்பித்தது. ஏழு மணிக்கு அவர் வேலையில் உட்கார்ந்தால் போதும், டர்ரென்று கிளம்பிவிடும். சாதாரணச் சத்தமா? அலமாரியில் இருக்கும் பல் செட்டுகளெல்லாம் கடகடவென்று ஆடி, மேல்வரிசை கீழ்வரிசையோடு வாய்த்தகராறு செய்யும். ஒரு செட் அப்படியே நகர்ந்து போய் அவருடைய பிஸ்கட்டைக் கடித்துவிட்டது. ஆத்திரத்தில் கணக்குத் தப்பி, மேடைப் பேச்சாளர் ஒருவருக்கு ஒரு பல் கூடுதலாக வைத்துவிட்டார். அந்த மனிதரால் அதற்குப் பிறகு வாயை மூடவே முடியவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆறரைக்கே கிளம்பிவிடுவாள் என்பதால், இந்தக் கச்சேரியைக் கேட்கும் பாக்கியம் அவளுக்கு இல்லை.

அன்று கதவைத் திறந்தால், சத்தம் நின்றிருந்தது. ரேஸ் பெட்ரோல் டாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நான் வேலையை நிறுத்திட்டு எழுந்து வந்தா அணைச்சுடறீங்க?"

"ரொம்ப சத்தமாவா கேட்டுது?"

"சுவரே ஆடுது!"

"சுவரே ஆடுதா!" ரேஸின் முகம் மலர்ந்தது. "பவர் கொஞ்சம் ஜாஸ்திதான் சார். மன்னிச்சுக்கோங்க."

"அதென்ன, வண்டி இடுப்புல போர்வை?"

"இன்ஜினுக்குச் சளி பிடிச்சுடக் கூடாது பாருங்க."

பல் செட்டுக்காரர் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தார். செயலாளரே சாட்சியாக மறுநாள் காலை வந்து முன்னறையில் உட்கார்ந்தார். பல் செட்டுக்காரர் வேலையைத் தொடாமல் கைகட்டி எதிரே உட்கார்ந்தார். மணி ஏழு, ஏழேகால், ஏழரை. நடையில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

"நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சு பம்முறான் சார்!"

"எனக்கென்னவோ, வண்டிய விட்டுட்டு உங்க காதைக் காட்டலாம்னு படுது" என்றார் செயலாளர்.

இதற்கு மேல் பொறுப்பாரா? ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேஸ் தூங்கும் நேரம் பார்த்து, சைலன்சர் வாய்க்கு மெழுகில் அச்சு எடுத்தார். ரோஸ் நிறத்தில் ஒரு மூடி வார்த்து, ஈறுபோலக் கச்சிதமாகப் பொருத்தினார். திங்கட்கிழமை ஏழு மணிக்கு அதே டர்ர். வாயை அடைத்த பிறகும் இவ்வளவு பேசுகிற வண்டியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அன்று மாலை, மனைவி தடுத்தும் கேட்காமல், நடையில் நின்று கட்டடத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள இந்த வண்டி போகணும். இல்லேன்னா நான் வீட்டைக் காலி பண்றேன்!"

"என்னங்க இது, இத்தனை வருஷம் இருந்த வீட்டை விட்டுட்டு எங்கங்க போறது?" என்று மனைவி அழ ஆரம்பித்தாள்.

ரேஸுக்கும் கண் கலங்கிவிட்டது. "என் வண்டிச் சத்தம் தாங்காம ஒரு குடும்பமே ஊரைவிட்டுப் போகப் பார்க்குது. எனக்கு இந்தப் பேர் ஒண்ணு போதும் சார். வண்டிய நானே எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

மறுநாள் மதியம் வண்டியைத் தள்ளிக்கொண்டே கிளம்பினார். மாடியிலிருந்து எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள்.

"ஏன் தள்றீங்க? ஓட்டிட்டே போகலாமே!" என்றார் பல் செட்டுக்காரர், ஜெயித்தவரின் தாராள மனதோடு.

"வேணாம் சார். கடைசி நேரத்துல உங்களுக்குக் காது வலிக்க வேணாம்."

அந்தப் பெருந்தன்மை பல் செட்டுக்காரரையே அசைத்துவிட்டது. பழசையெல்லாம் மறந்து, வண்டியைத் தெருமுனை வரை அவரும் ஒரு கை தள்ளிக்கொடுத்தார்.

அடுத்த நாள் காலை ஏழு மணி. நடை வெறிச்சோடிக் கிடந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவர் நிம்மதியாக வேலையில் உட்கார்ந்தார்.

டர்ர்ர்ர்!

பல் செட்டுக்காரர் துள்ளி எழுந்து, போட்டது போட்டபடி நடைக்கு ஓடினார். அங்கேயும் அதே டர்ர். எதிர்வீட்டுக் கதவை ஓங்கி இடித்தார்.

"யோவ் ரேஸ்! வண்டிய எடுத்துட்டுப் போனீரே, சத்தத்தை ஏன்யா இங்கயே விட்டுட்டுப் போனீர்?"

ஒரே ஒரு விவரம் சொல்ல விட்டுப்போயிற்று. பழைய இரும்புக் கடையில் வாங்கிய அந்த வண்டியில் இன்ஜினே கிடையாது. அந்தக் கட்டடத்தில் தினமும் ஏழு மணிக்கு ஓடியது ஒன்றே ஒன்றுதான்: பல் செட்டுக்காரர் மேசையிலிருக்கும் பாலிஷ் மோட்டார்.