மதகடியில் கிடைத்த துப்பாக்கி

கைப்பைக்குள் துப்பாக்கி கனத்தது. வானதி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கர்னல் கல்யாணத்தின் வீட்டு கேட்டைத் தள்ளினாள். ஆறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததோடு சரி. அதற்குப் பிறகு முப்பது வருஷமாக அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

கர்னலுக்கு எண்பத்திரண்டு வயது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்வதற்குள் வானதி துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டாள். சமையல் செய்யும் தங்கமணி "ஐயோ!" என்று அலறினாள்.

"பயப்படாதீங்க, சுடாது. துருப்பிடிச்சுக் கெடக்கு." வானதி அதை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். "அடையாளம் தெரியுதா சார்?"

தெரியாமல் என்ன? தோட்டாக்கள் வருவதற்கு முந்திய காலத்து ரிவால்வர். உருளையின் ஆறு அறைகளிலும் வெடிமருந்தும் குண்டும் கெட்டித்து, பின்னால் சின்னச் செப்புத் தொப்பிகளைப் பொருத்திச் சுட வேண்டும். ராணுவத்தில் இருந்தபோது வடக்கே ஒரு ஏலத்தில் எடுத்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் எட்ட நின்று பார்க்கலாம். யாரையும் தொட விட்டதில்லை.

"எங்க கெடச்சுது?" என்று கேட்டார் கர்னல்.

"உங்க கொல்லைக்குப் பின்னாடி, மதகுக்கு அடியில." மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் அந்த வாய்க்காலைத் தூர்வாரி முடிக்க வேண்டிய இன்ஜினியர் வானதிதான். "நேத்து பொக்லைன் சேத்தோட அள்ளிப் போட்டுச்சு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உருளையச் சுத்துனா கிளிக் கிளிக்னு கேக்குமே, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு."

கர்னல் சட்டென்று அவளை உற்றுப் பார்த்தார். "வேற என்னம்மா ஞாபகம் இருக்கு?"

"எங்கப்பா மொகம் ஞாபகம் இருக்கு. ஸ்டேஷன்லேருந்து திரும்பி வந்த மொகம்."

வானதியின் அப்பா துரைராசு கர்னலின் வயலைக் குத்தகைக்குச் செய்தவர். வீட்டுக்குள் தாராளமாக வந்துபோன வெளியாள் அவர் ஒருவர்தான். துப்பாக்கி காணாமல் போனதும் கர்னல் புகாரில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்து அடித்தார்கள். ஒரு காது செவிடாகித் திரும்பியவரை ஊர் 'துப்பாக்கித் திருடன்' என்றது. நாலாம் மாதமே துரைராசு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கர்னல் புகாரை வாபஸ் வாங்கியும் அந்தப் பெயர் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வானதியின் பெயர், திருடன் மகள்.

"எடுத்தவர் விக்கத்தானே பாப்பாரு? தண்ணியில ஏன் போடுறாரு?" வானதியின் குரல் உயர்ந்தது. "எங்கப்பாவ வயல விட்டுக் கெளப்பணும்னு நீங்களே தூக்கிப் போட்டுட்டுப் பழிய அவர்மேல போட்டுட்டீங்க!"

கர்னல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்துக்கொண்டார்.

"நான் என்ன பண்ணணும்னு சொல்லும்மா."

அதற்குப் பதில் அவளிடம் வெகுநாளாகத் தயாராக இருந்தது. "நாளைக்குக் காலையில எங்க தெருவுக்கு வாங்க. மெடல் எல்லாத்தையும் குத்திக்கிட்டு வாங்க. ஊரே பாக்க எங்கப்பா படத்துக்கு முன்னாடி விழுங்க."

"வரேன்."

சொன்னபடி வந்தார். சட்டையில் மெடல்கள், கையில் தடி. தெருவே திரண்டு நின்றது. வாசலில் நாற்காலி போட்டு, துரைராசுவின் படத்தை மாலையோடு வைத்திருந்தாள் வானதி. கர்னல் தடியைக் கீழே போட்டார். முழங்கால் மடங்கவே நேரம் பிடித்தது. நெற்றி மண்ணில் பட விழுந்தார்.

"துரைராசு எதையும் எடுக்கல. தப்பு என்னோடது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்த டீக்கடை நல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். எழுந்திருக்க முடியாமல் கர்னல் திணறினார். வானதி கை கொடுக்கவில்லை. நின்று பார்த்தாள். அடிவயிறு வரை இனித்தது.

கூட்டம் கலைந்த பிறகு உள்ளே போனாள். வாசலுக்கே வராத அம்மா ஆனந்தவல்லி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா அழுவுற? அப்பா மேல இருந்த பழி இன்னிக்குதாம்மா போச்சு."

"பாவி! அந்த மனுஷன ஏண்டி மண்ணுல விழ வச்சே? அத மதகுல போட்டது நான்."

"அப்போ... அப்பாதான் எடுத்தாரா?"

"அவரு எடுக்கல. அவரப் போலீசு கூட்டிட்டுப் போன அன்னிக்குப் பாக்குறேன், நம்ம நெல்லு மூட்டைக்குப் பின்னாடி கெடக்கு. பயந்துபோயி வீசிட்டேன். உங்கப்பா காரியம் முடிஞ்சதும் கர்னல்கிட்டப் போயி உள்ளதச் சொன்னேன். எம்பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம்னு அவரு கால்ல விழுந்தேன். இன்னி வரைக்கும் வாயத் தொறக்கலியே அவரு!"

"எனக்குத் தெரிஞ்சா என்னம்மா?"

ஆனந்தவல்லி மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வெளையாட அத எடுத்துட்டு வந்தது நீதான்டி."