பிழையற்ற தீர்மானம்

கெலுகோர் ஜப்பானிய மொழிக் கழகத்தில் எந்தத் தீர்மானமும் பிழையில்லாத ஜப்பானிய மொழியில்தான் வரவேண்டும். அது ஆசிரியர் விஸ்வலிங்கம் போட்ட சட்டம்.

“சார், நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒண்ணு எழுதிப் பார்த்தேன். திருத்திக் கொடுங்க,” என்று தாளை நீட்டினாள் மாணவி சிந்துஜா.

இப்படியோர் அக்கறையான மாணவியை உருவாக்கிய பெருமை அவருக்குத் தாங்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“‘ஷின்யோ’ கடைக்காரன் மேல வைக்கிற நம்பிக்கை லா. பதவியில உள்ளவன் மேல வைக்கிறது ‘ஷின்னின்’. அது போச்சுன்னா ‘ஃபுஷின்னின்’. ஆமா, ஆள் பேரு எங்க? பேரில்லாம செல்லாதே!”

“கடைசியா எழுதிக்கிறேன் சார்.”

ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் சிந்துஜா அதை வாசித்தாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

பத்தாண்டுகளாகக் கழகத் தலைவராக இருந்த விஸ்வலிங்கம் தாளை வாங்கி, பேனாவைத் திறந்து, வரிவரியாகத் தேடினார்.

தம் பெயர் உட்பட ஒரு பிழையும் இல்லை.