தம்பி கழற்றிய கார்புரேட்டர்

காரிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு போனது எவனோ திருடன் இல்லை. சொந்தத் தம்பி.

அப்பா விட்டுப்போன கார். ஊரில் அதற்கு மூத்த வண்டி கிடையாது. அண்ணன் வீட்டு ஷெட்டில் பளபளவென்று நிற்கும். நிற்க மட்டும்தான் செய்யும்.

"ஒருநாள் வந்தான். வண்டியை எடுத்தான். வாசல் தூண்ல இடிச்சான். வெட்கப்பட வேண்டாமா? கார்புரேட்டரைக் கழட்டிட்டுப் போயிட்டான்." வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்லுவார்.

பழைய கார் ஊர்வலத்துக்குக் கூப்பிட வந்த சங்கச் செயலாளரிடமும் இதையேதான் சொன்னார்.

"அந்தச் சின்னச் சாமான் இல்லாம ஓடாதா சார்?"

"என்னய்யா கேள்வி இது? டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு. அப்படியே ஊத்தினா இன்ஜின் குடிக்குமா? கார்புரேட்டருக்குள்ள ஒரு குட்டிக் கிண்ணம். அதுல ஒரு மிதவை. மிதவை இறங்கினா பெட்ரோல் வரும், ஏறினா அடைச்சுக்கும். இன்ஜின் மூச்சை இழுக்கும்போது காத்து குறுகலான தொண்டை வழியா சர்ருனு ஓடும். ஓடற வேகத்துல பெட்ரோலை ஊசித்துளை வழியா உறிஞ்சி, தூறலாக்கி உள்ள கொண்டுபோகும். அது இல்லாம என் வண்டி பட்டினி கிடக்கு."

"அடடா!"

"அது மட்டும் இருந்தா, முதல் வண்டியா நானே ஓட்டிக் காட்டுவேன்." மார்பைத் தட்டிக்கொண்டார்.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. நேரே கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கூடப் பிறந்தவரை ஊர் முன்னாடி தலைகுனிய வைக்கறீங்களே, நல்லா இருக்கா? கொடுத்துடுங்க."

"முடியாது அண்ணி."

"இடிச்சது நீங்க. கோபமும் உங்களுக்கா?"

"முடியாதுன்னா முடியாது. உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

"உங்க வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காது."

ஊர்வலத்தன்று காலை தம்பி தானாகவே வந்தார். துணியைப் பிரித்தார். கார்புரேட்டர் கண்ணாடி மாதிரி மின்னியது. அத்தனை நாளும் துடைத்துத்தான் வைத்திருந்திருக்கிறார்.

பொருத்தினார். பெட்ரோல் குழாயை மாட்டினார். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் இரண்டு தடவை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. தெருவே திரும்பிப் பார்த்தது.

அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!

"ஏறுங்க, ஏறுங்க." மனைவி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

தம்பி குறுக்கே புகுந்து உட்கார்ந்தார். "கார்புரேட்டர் இப்ப என்னுது. நான்தான் ஓட்டுவேன்."

"அட அநியாயமே! இன்னைக்குக்கூடவா? உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

செயலாளர் வானத்தைப் பார்த்தார்.

"பாத்தியா இவன் திமிரை!" என்று அண்ணன் கத்தினார். கத்திக்கொண்டே வண்டியைத் தடவித் தடவிச் சுற்றி வந்து, பக்கத்துச் சீட்டில் ஏறினார்.

முதல் வண்டி இவர்களுடையதுதான். ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம்.

"உங்க அண்ணி ரொம்பத் திட்டிட்டாளாடா?" என்றார் அண்ணன் மெதுவாக.

"திட்டட்டும்."

"தூணை இடிச்சது நான். பழி உன்மேல."

"அதனால என்ன? நீயும் திட்டறதை நிறுத்திடாதே அண்ணே. கண்ணு மங்கிப்போச்சுன்னு வீட்டுல கண்டுபிடிச்சுடுவாங்க. அப்புறம் ஆளாளுக்கு உன்னைப் பாத்துப் பாவப்படுவாங்க. உனக்கு அது ஆகாது."

அண்ணன் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப இடது பக்கம் திரும்பு. பெரிய கூட்டம். எல்லாரும் உன்னைத்தான் பாக்கறாங்க. கையை ஆட்டு."

அண்ணன் இடது பக்கம் திரும்பி, ராஜா மாதிரி கையை ஆட்டினார்.