சாயக்காரரின் கண்

சேலைக்கு நிறம் கேட்டு வந்த தறிக்கூட முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி எடுத்துக் கொடுத்த சாயப்பொடியைத் தொட்டியில் போட்டுப் பட்டு நூலைக் கிளறினார் சாயக்காரர். அவள் லேசாக இருமினாள். இன்னும் கொஞ்சம் போட்டார். அவள் இரண்டு தடவை இருமியபோது நூலை வெளியே எடுத்தார்.

முதலாளி தான் கொண்டுவந்த மாதிரித் துணியை நூலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அச்சு அசல்!

"என்ன கண்ணுங்க உங்களுக்கு! எங்க தறிக்கூடத்துக்கே வேலைக்கு வந்துடுங்க."

"இவளும் வருவா."

"இருமலோட அவங்க எதுக்குங்க?"

"இவ இல்லாம எனக்குக் கையே ஓடாது."

'என்ன பாசம்!' என்று உருகியபடி கிளம்பிய முதலாளி, மறந்த குடைக்காக வாசலிலிருந்து திரும்பினார். உள்ளே சாயக்காரரின் குரல் கேட்டது.

"ஏம்மா, இப்போ போட்டது சிவப்பா, பச்சையா?"

"சிவப்புதான். அங்க தறிச் சத்தத்துல என் இருமல் உங்களுக்குக் கேக்குமான்னுதான் கவலை!"

முதலாளி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "கவலைப்படாதீங்கம்மா, தறி இல்லாத பக்கமா ரூம் தரேன்!"