விடாத கேபிள்

இருபத்தொரு வருடங்களுக்குப் பிறகு ஊர் மறுபடியும் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது.

கல்முனைப் பிரதான வீதியில், போன வாரம்தான் திறந்த மின் கார் சார்ஜ் நிலையத்தில் மைமூனா நின்றாள். சைரன் ஊதத் தொடங்கியதும் சார்ஜ் மெசினின் திரை கறுத்துப்போனது. கேபிள் மட்டும் காரைக் கவ்விப் பிடித்தபடி கிடந்தது. இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"கடல் வருகுது" என்று வீதியில் ஒருவர் கத்தினார். அதன்பிறகு யாரும் எதையும் விசாரிக்கவில்லை. எதிர்க் கடையில் ரொட்டி தட்டியவர் மாவுக் கையோடு ஓடினார். இன்னொருவர் ஏறி வந்த சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

பின் இருக்கையில் உம்மா ஜெமீலா கால் நீட்டிப் படுத்திருந்தார். தொடை வரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிக் கொடுத்து, திரும்பும் வழியில்தான் சார்ஜ் போட நின்றார்கள்.

"நீ ஓடு மகள். நான் கிடக்கன்."

"சும்மா இருங்க உம்மா."

சுனாமி வந்த அன்றைக்கு ஜெமீலா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு ஓடியவர். வலது கையில் மைமூனா. இடது கையில் இருந்த தம்பி அர்ஹமைக் கடல் எடுத்துக்கொண்டது. வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

நிலையப் பொறுப்பாளர் றமீஸ் முதல் ஆளாக ஓடினார். நீலச் சட்டை போட்ட மெலிந்த பெண்ணொருத்தி அவருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடினாள்.

"றமீஸ் நானா, மெசின்ட சாவி. சாவியத் தந்திட்டுப் போங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் திரும்பி வந்தாள். பெயர் அம்ஹா. நிலையத்தை வடிவமைத்தவர்களில் தானும் ஒருத்தி என்றும், இன்றைக்குப் பரிசோதனைக்கு வந்திருப்பதாகவும் சற்றுமுன் நிலத்தைப் பார்த்தபடியே மைமூனாவிடம் சொல்லியிருந்தாள்.

இப்போதும் ஏதோ சொன்னாள். சைரன் சத்தத்தில் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. மைமூனா அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கி, கேபிளைக் காட்டினாள். காருக்குள் கிடந்த உம்மாவையும் காட்டினாள்.

அம்ஹா மாவுக்கட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

காரின் டிக்கிக் கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, உள்ளே கையை விட்டுத் தடவினாள். கேபிளை அவசரத்துக்கு விடுவிக்கும் மெல்லிய கயிறு அகப்பட்டது. முதல் இழுவையில் கை வழுக்கியது. மைமூனா கிழக்கே பார்த்தாள். தென்னைகளுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இரண்டாம் இழுவையில் கேபிள் 'டக்' என்று விட்டது.

மைமூனா அவளை முன் இருக்கைப் பக்கம் தள்ளினாள்.

"ராத்தா, நான் ஒண்டு..."

"பொறகு கதை. ஏறு."

பற்றரியில் பதினாறு வீதம்தான் சார்ஜ் ஏறியிருந்தது. வீதி நிறைய ஆட்கள், ஆட்டோக்கள், பிள்ளைகள். பின்னால் உம்மா சத்தமாகக் கலிமா சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் அம்ஹா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. வீட்டாரை நினைக்கிறாள் என்று மைமூனா எண்ணினாள்.

"உம்மா வாப்பா எங்க?"

"நிந்தவூர்ல."

"அழாத. அவங்களையும் அல்லாஹ் காப்பாத்துவான்."

அம்ஹா இன்னும் அழுதாள்.

நற்பிட்டிமுனை வயலருகே கார் நின்றது. வரம்பு முழுக்கச் சனம். யாருக்கும் போனில் லைன் கிடைக்கவில்லை. சைரன் இங்கே கேட்கவில்லை. எல்லோரும் கிழக்கே பார்த்தபடி மூச்சு வாங்கினார்கள். ஒற்றைச் செருப்போடு றமீஸும் நின்றார். அவருடைய சட்டைப் பையில் சாவி வளையம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெமீலா கார்க் கதவைத் திறக்கச் சொன்னார். அம்ஹாவைக் கிட்டக் கூப்பிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களுக்கு நடந்ததையெல்லாம் சொன்னார். ஆம்பிளைகள் எல்லாம் ஓட, இந்தச் சின்னப் பெண் மட்டும் தங்களுக்காக நின்றாள் என்றார். றமீஸ் தலையைக் குனிந்துகொண்டார். கிழவர் ஒருவர் அம்ஹாவுக்காகக் கையேந்தித் துஆக் கேட்டார். சுற்றியிருந்த எல்லோரும் ஆமீன் சொன்னார்கள்.

அம்ஹா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். ஜெமீலா விடவில்லை.

"எனக்கிட்ட இருந்து கடல் ஒரு புள்ளைய எடுத்த. இண்டைக்கு அல்லாஹ் ஒரு புள்ளையத் தந்திரிக்கான்." மற்றக் கையால் அவளுடைய தலையைத் தடவினார். "கடல் வரக்குள்ளயும் ஓடாம நிண்டாயே. உனக்குப் பயமில்லையா மகள்?"

அம்ஹா வரம்பில் நின்ற அத்தனை முகங்களையும் ஒரு முறை பார்த்தாள். இப்போது சைரன் இல்லை. அவளுடைய சின்னக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"கடல் வரல்ல, உம்மா. அது எங்கட மெசின்ட சைரன். வேலை செய்யுதா எண்டு நான்தான் சுவிச்ச அமத்திப் பாத்த."