பறக்கத் தகுதி

டென்வர் விமான நிலையத்தில் பனி விழுந்துகொண்டிருக்கிறது. மத்தியான வெளிச்சம் விமானியறைக் கண்ணாடியில் சாம்பலாய் வழிகிறது. கேப்டன் மார்லீன் மடியில் கைக்கணினி. "களைப்பில்லை, பறக்கத் தகுதியாக இருக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே ஒரு கட்டம் அவள் விரலுக்காகக் காத்திருக்கிறது. தொடர்ந்து ஆறு நாளாக விடியுமுன் எழுந்து ஓட்டுகிறாள், பாவம். இந்த விமானம் போவது அவள் ஊரான மினியாபோலிஸுக்கு. விரலை வைத்தால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில், நாளை ஒரே ஒரு விடுமுறை. வைக்காவிட்டால் இங்கே ஓட்டலில் தூங்கியே அந்த நாளும் போய்விடும். "பிரேக்?" என்று சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்துக் கேட்கிறாள். துணை விமானி ரஸ்ஸல் மெதுவாகத் திரும்புகிறான். "போட்டாச்சு கேப்டன். மூணாவது தடவையா கேக்குறீங்க. அது எங்கயும் ஓடிடலை." சிரிப்பு அவன் உதட்டோடு நின்றுவிடுகிறது. முன்பு இரண்டு தடவை கேட்டது மார்லீனுக்கு நினைவிலேயே இல்லை. பின்னால் பயணிகளின் தலைக்கு மேலுள்ள பெட்டி அறைகள் டப் டப்பென்று மூடப்படுகின்றன. பணிப்பெண் க்ளோரிஸ் எட்டிப் பார்க்கிறாள். "நூத்தி நாப்பது பேரும் உக்காந்தாச்சு. கதவைச் சாத்தட்டுமா, கேப்டனம்மா?" மார்லீன் விரலைக் கட்டத்திலிருந்து விலக்குகிறாள். "கொஞ்சம் இரு க்ளோரிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பணி அட்டவணை அலுவலகத்தை அழைக்கிறாள். "விமானத்துல என்ன கோளாறு, கேப்டன்?" என்கிறது அந்தப் பக்கத்துக் குரல். "விமானம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அசந்துபோயிட்டேன். இன்னிக்கு ஓட்ட மாட்டேன்." ரஸ்ஸல் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டு, தன் இருக்கைப் பட்டையைக் கழற்றுகிறான்.